ஜெனீவாவுக்கு அறிக்கை எழுதும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தின் மனித உரிமை அமைப்புகளிலும் பெண்கள் இயக்கங்களிலும் இருக்கும் தோழர்களுக்கு,

வணக்கம்.

ஜெனீவாவில் ஐ.நா.வின் மனித உரிமை மன்றங்கள் இந்தியாவை விசாரிக்கும் முறை வரும்போதெல்லாம், அரசு தரும் அறிக்கைக்கு மாற்றாக நீங்கள் ‘மாற்று அறிக்கை’ எழுதுகிறீர்கள். காவல் நிலையச் சித்திரவதை, ஆணவக் கொலை, மலக்குழி மரணம், இலங்கைத் தமிழர் முகாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி ஒதுக்கி, அடிக்குறிப்பு சரிபார்த்து, கெடு முடியும் இரவில் அனுப்பிவைக்கிறீர்கள். அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும். நான் ஒரு வழக்கறிஞர். அப்படிப்பட்ட அறிக்கைகளைத் தமிழாக்கித் தரும் வேலை என்னிடமும் வருவதுண்டு. அவற்றில் பாலியல் தொழிலாளர்களைத் தேடினால் ஒரே இடத்தில்தான் கிடைக்கிறார்கள். ‘பெண்கள், குழந்தைகள் கடத்தல்’ என்ற தலைப்பின் கீழே, கடைசிப் பத்தியில், ‘மேலும்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தில்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அவர்களை அந்தத் தலைப்பிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். புதிதாக ஒரு அத்தியாயம் எழுதச் சொல்லவில்லை. சட்டவிரோதக் காவல், சித்திரவதை, உடல்நலம், குழந்தைகளின் உரிமை என்று நீங்கள் ஏற்கெனவே எழுதுகிற பகுதிகளில் அவர்களுக்கு நடப்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறேன்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஐ.நா. மன்றங்களில் ஒரு விஷயம் எந்தத் தலைப்பில் போய் உட்காருகிறதோ, அந்தத் தலைப்புக்குரிய பரிந்துரைதான் அதற்குக் கிடைக்கும். கடத்தல் என்று எழுதினால் ‘மீட்பை வலுப்படுத்துக’ என்று வரும். மீட்பு என்றால் இங்கே ரெய்டு. ரெய்டு என்றால் ஹோம், அதாவது மீட்கப்பட்டவர்களைப் பூட்டிவைக்கும் பாதுகாப்பு இல்லம். ஜெனீவாவில் நல்லெண்ணத்தோடு எழுதப்படும் ஒரு வரி, இங்கே வந்து சேரும்போது ஒரு லாட்ஜ் கதவை உடைக்கிற வரியாக மாறிவிடுகிறது.

பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் சீடா உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றுக்கொண்டது. அதில் 6ஆவது பிரிவு கடத்தலையும் விபச்சாரச் சுரண்டலையும் ஒடுக்கச் சொல்கிறது. 12 உடல்நலத்தைப் பற்றியது, 15 சட்டத்தின் முன் சமத்துவம், 16 குடும்பமும் குழந்தைகளும். பாலியல் தொழிலாளி என்றதும் நம் பேனா 6ஆம் பிரிவைத் தாண்டி நகர்வதில்லை. அந்த உடன்படிக்கையின் அமலாக்கத்தைக் கண்காணிக்கும் சீடா குழுவே 1992இல், தன் 19ஆவது பொதுப் பரிந்துரையில், சட்டவிரோதமாக்கப்பட்ட நிலை இந்தப் பெண்களை ஒதுக்கிவைப்பதால்தான் அவர்கள் வன்முறைக்கு எளிதில் ஆளாகிறார்கள் என்றும், வல்லுறவு உள்ளிட்ட வன்முறைக்கு எதிராக அவர்களுக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு தேவை என்றும் சொல்லிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரியை நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

உள்ளூரில் பேசித் தீர்க்க வேண்டியதை ஏன் உலக மன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நம்மிலேயே சிலர் கேட்பார்கள். அவர்கள் விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் முழுத் தலைப்பை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். 1956இல் அந்தச் சட்டத்தை இயற்றியபோது, 1950 மே 9 அன்று நியூயார்க்கில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையைப் பின்பற்றி இயற்றப்படுவதாகத் தலைப்பிலேயே எழுதிவைத்தார்கள். ஐ.நா. பொதுச்சபை 1949 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது. சேலத்திலோ திண்டுக்கல்லிலோ ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போகிற சட்டம் உலக மன்றத்தின் வழியாகத்தான் நம் ஊருக்கு வந்தது. அது எழுதப்பட்ட காலத்தில் இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கும் வழக்கமே கிடையாது. வந்த வழியிலேயே போய்த்தான் அதைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டம் பாலியல் தொழிலைக் குற்றம் என்று சொல்லவில்லை என்று வழக்கறிஞர்கள் நாங்கள் மேடையில் அழகாகச் சொல்வோம். உண்மைதான். அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் குற்றமாக்கிவைத்திருக்கிறது. இரண்டு பெண்கள் தங்கள் இருவருடைய வருமானத்துக்காக ஒரே அறையைப் பயன்படுத்தினால் அந்த அறை விபச்சார விடுதி. கோயில், பள்ளி, விடுதி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் தனிக் குற்றம். நம் ஊர்களில் இவை எதுவும் இல்லாத 200 மீட்டரை யாராவது காட்டினால் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வாடிக்கையாளரைக் கூப்பிட்டால் 8ஆவது பிரிவு. ஊரைவிட்டே வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போட 20ஆவது பிரிவு. அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிற, 18 வயதைத் தாண்டிய யாராக இருந்தாலும் 4ஆவது பிரிவு. பெற்ற தாயாக இருந்தாலும், கல்லூரியில் படிக்கும் மகனாக இருந்தாலும்.

என் மேசைக்கு வந்த ஒரு வழக்குக் கட்டைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். பறிமுதல் மகஜரில், அதாவது போலீஸ் கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில், வரிசையாக இப்படி இருந்தது: செல்போன் 2, ரொக்கம் ரூ.1,850, பழைய போர்வை 1, ஆணுறை 11. அந்த ஆணுறைகள் அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தவை. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் வேலை செய்யும் இன்னொரு பெண் பஸ் ஸ்டாண்டு ஓரமாக நின்று எண்ணிக் கொடுத்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டும் போயிருப்பாள். சுகாதாரத் துறையின் கணக்கில் அது சாதனை. காவல் துறையின் கணக்கில் அது சான்றுப் பொருள். ஆணுறையைச் சான்றாகக் காட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று உத்தரவிட்டது. இந்த மகஜர் அதற்குப் பிறகு எழுதப்பட்டது.

அந்த வழக்கில் பிடிபட்ட பெண்ணுக்கு வயது 34. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். அவர்மீது வழக்கு இல்லை, அவர் ‘பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதியிருந்தார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 17ஆவது பிரிவின்படி மீட்கப்பட்டவரை மாஜிஸ்திரேட் விசாரித்து, பாதுகாப்பு இல்லத்தில் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை வைக்க உத்தரவிடலாம். வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் பெற்றோரோ கணவரோ வர வேண்டும். அவர்கள் அவரை வைத்துப் பராமரிக்கத் தகுதியானவர்களா என்று விசாரணை நடக்க வேண்டும். 34 வயதுப் பெண்ணை, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற மாதிரி, யாராவது வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டும். கணவர் எங்கே இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. வந்தவர் அறுபது தாண்டிய அம்மா. அந்த அம்மா இத்தனை காலமும் சாப்பிட்டது மகளின் சம்பாத்தியத்தில்தான். அதை விசாரணையில் வாய்தவறிச் சொன்னால் 4ஆவது பிரிவு அவர்மேலேயே பாயும். அந்த அம்மாவை நீதிமன்ற வராந்தாவில் உட்காரவைத்து, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தப் பெண்ணைப் பார்க்க ஹோமுக்குப் போனபோது அவர் கேட்டதை அப்படியே தருகிறேன்.

“கேஸ் போட்டு ஜெயில்ல வெச்சிருந்தாக்கூட பதினஞ்சு நாள்ல ஜாமீன்ல வந்திருப்பேன் மேடம். காப்பாத்திட்டோம்னு சொல்றாங்களே, இதுக்கு எங்க போய் ஜாமீன் கேக்குறது?”

தோழர்களே, உள்ளூரில் ரிட் மனு போடலாம், மேல்முறையீடு செய்யலாம், செய்தோம். ஆனால் அவர் கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. குற்றம் செய்யாத, வயது வந்த ஒருவரை அவர் நன்மைக்காகவே என்று சொல்லிப் பூட்டிவைக்கலாமா? குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு எந்த மனிதரையும் தன்னிச்சையாகக் காவலில் வைக்கக் கூடாது என்கிறது. இந்தியா 1979இல் அதில் சேர்ந்தது. 27 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 ஜூலையில்தான் அந்த உடன்படிக்கையின் கீழ் இந்தியாவை மறுபடி விசாரித்தார்கள். தடுப்புக் காவல், குண்டர் சட்டம், ஊபா என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிற இடம் அது. ஹோமில் இருக்கும் பெண்ணின் இடமும் அதுதான்.

இது ஒரு பெண்ணின் கதை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தின் சாங்லியில் இயங்கும் சங்க்ராம் அமைப்பு, ரெய்டில் ‘மீட்கப்பட்ட’ 243 பெண்களிடம் பேசி 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தாங்கள் விருப்பத்தோடுதான் தொழிலில் இருந்ததாகவும், இல்லத்திலிருந்து வெளியே போகவே விரும்பியதாகவும் சொன்னவர்கள் 193 பேர். மீதி ஐம்பது பேருக்கு மீட்பு தேவைப்பட்டிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஐம்பது பேரையும் இந்த 193 பேரையும் ஒரே வேனில் ஏற்றுகிற முறையைத்தான் கேள்வி கேட்கிறேன். 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், மும்பை மலாடில் பிடிபட்ட மூன்று இளம்பெண்களை இல்லத்திலிருந்து விடுவித்தபோது, வயது வந்த பெண்ணுக்குத் தன் தொழிலையும் இருப்பிடத்தையும் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று தெளிவாகச் சொன்னது.

உச்ச நீதிமன்றத்தின் 2022 உத்தரவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கு அது. கொல்கத்தாவில் 1999இல் ஒரு பாலியல் தொழிலாளியை அடித்துக் கொன்றவனின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த கையோடு, 2011இல் நீதிமன்றம் தானாகவே அதைப் பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது. உத்தரவு வந்த மறுநாள் பத்திரிகைகள், இனி பாலியல் தொழிலாளர்களைக் கைது செய்ய முடியாது என்று தலைப்புப் போட்டன. நம் தோழர்கள் பலரும் அப்படியே நம்பிப் பகிர்ந்தார்கள். உத்தரவை முழுசாகப் படித்தால் கதை வேறு. இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்கும் நடவடிக்கை, ஆணுறையைச் சான்றாக்காமை, போலீஸ் மரியாதையாக நடத்துவது, ஊடகங்கள் முகத்தைக் காட்டாதது ஆகியவற்றைச் செயல்படுத்தச் சொன்னார்கள். ரெய்டின்போது இந்தப் பெண்களைக் கைதுசெய்யக் கூடாது, தொழிலைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்ற பரிந்துரைகளுக்கு மத்திய அரசு மாற்றுக் கருத்துத் தெரிவித்ததால் அவை உத்தரவாக ஆகவில்லை. மத்திய அரசு எங்கே தயங்கி நிற்கிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் எழுதித்தர முடியாது. உலக மன்றத்தில் இந்திய அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்தத் தயக்கத்தைப் பற்றியதுதான்.

தலைப்பு மாறினால் உரிமை எப்படிக் கருணையாகச் சுருங்கிப்போகும் என்பதற்கு நம் தேசிய மனித உரிமை ஆணையமே சாட்சி. 2020 அக்டோபரில் கொரோனா காலத்துக்கான ஆலோசனை வெளியிட்டபோது, பாலியல் தொழிலாளர்களை முறைசாராத் தொழிலாளர்கள் வரிசையில் வைத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், மனிதாபிமான அடிப்படையில் நிவாரணம் கொடுக்கலாம் என்று திருத்திக்கொண்டது. அரிசி அதே அரிசிதான். தொழிலாளி என்றால் கேட்டு வாங்கலாம். மனிதாபிமானம் என்றால் கொடுப்பவர் மனம் வைக்க வேண்டும்.

ஐ.நா.வும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பெண்கள் மீதான வன்முறை பற்றிய சிறப்பு அறிக்கையாளராக இருந்த ரஷீதா மஞ்சு 2013இல் இந்தியா வந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவர் அறிக்கை, விபச்சாரத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் பாலியல் தொழிலைக் குற்றமாக்குகிறது, அதை மறுஆய்வு செய்யுங்கள் என்றது. கடத்தல் தடுப்பு என்ற பெயரில் பாலியல் தொழிலாளர்களின் உரிமைகள் மறைந்துபோகக் கூடாது என்றும் சொன்னது. பத்து ஆண்டு கழித்து, 2024 ஜூனில், அதே பொறுப்பில் இருக்கும் ரீம் அல்சலேம் மனித உரிமைக் கவுன்சிலில் வைத்த அறிக்கை, இந்தத் தொழில் முழுவதையுமே வன்முறை என்று வரையறுத்து, வாங்குபவரைத் தண்டிக்கும் சட்டத்தைப் பரிந்துரைத்தது. பெண்களைத் தண்டிக்கக் கூடாது என்று அவரும் சொல்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. இடையில் 2023இல், பெண்களுக்கு எதிரான பாகுபாடு குறித்த ஐ.நா. பணிக்குழு, பாலியல் தொழிலைக் குற்ற வரையறையிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று வழிகாட்டுதல் எழுதியது. சர்வதேச மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி 2016லேயே அந்த நிலைப்பாட்டுக்கு வந்துவிட்டது. நியூசிலாந்து 2003இல் சட்டமே மாற்றியது. இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம், உங்களுக்குத் தெரியாததில்லை.

நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிற இடத்தில், கீழேயிருந்து போகிற தகவல் எதைச் சொல்கிறது என்பது முக்கியமாகிறது. மஞ்சு இந்தியா வந்தபோது பாலியல் தொழிலாளர் சங்கங்கள் நேரில் போய்ப் பேசின. தமிழகத்திலிருந்து போகும் அறிக்கையில் ‘மேலும்’ என்று தொடங்கும் ஒரே ஒரு வாக்கியம் இருந்தால், அதை வைத்து எவரும் எதையும் நிரூபித்துக்கொள்ளலாம்.

இனி நீங்கள் சொல்லப்போகும் மறுப்புக்கு வருகிறேன். கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். இது சாதியின் சுரண்டல், வறுமையின் சுரண்டல். தலித் பெண்களின் உடலைக் காலங்காலமாகப் பொதுச்சொத்தாக்கிய சமூகத்தில் இதைத் தொழில் என்று சொல்வதே அநியாயம் என்கிறீர்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த சங்கப் பெண்களில் பலர் கணவன் விட்டுப்போய், நூல் மில்லிலும் கொத்து வேலையிலும் கிடைத்த கூலி போதாமல், அங்கேயும் மேஸ்திரியின் கையைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு அலுத்துப்போய் இதற்கு வந்தவர்கள். சாதியும் வறுமையும் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தன என்று அவர்களே சொல்வார்கள். ஆனால், தள்ளிக்கொண்டு வந்த சாதியை ரெய்டு தொடுவதில்லையே. பிடிபட்டு ஹோமுக்குப் போகிறவர் அந்த ஏழைப் பெண்தான். பணம் உள்ளவர்களின் இடத்துக்குப் போலீஸ் போவதற்கு முன்னால் போன் போய்விடும். நீங்கள் இந்தத் தொழிலைப் புகழ வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். போலீஸ் அடித்ததையும், பணம் பிடுங்கியதையும், கேட்காமல் ரத்தம் எடுத்ததையும் எழுதுங்கள். லாக்கப்பில் அடிபட்ட ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் என்ன தொழில் செய்கிறார், அதை நாம் ஏற்கிறோமா என்று விவாதித்துவிட்டா எழுதுகிறோம்?

18 வயதுக்குக் கீழே என்றாலோ, ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுவரப்பட்டவர் என்றாலோ விவாதத்துக்கே இடமில்லை. போக்சோ இருக்கிறது, ஆட்கடத்தலுக்குத் தனிக் குற்றப்பிரிவு இருக்கிறது. சங்கங்களும் அதில் ஒத்த கருத்தோடுதான் இருக்கின்றன. எந்த லாட்ஜில் சின்னப் பெண் வந்திருக்கிறாள் என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

ரத்தம் எடுத்தது பற்றிச் சொன்னேன். இதில் சென்னைக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா செய்த அந்த ஆய்வு நாட்டுக்கே எச்சரிக்கை மணி அடித்தது. அதன் பெருமை அவர்களுக்கு உரியது. ரத்தம் கொடுத்தவர்கள் பாலியல் தொழிலாளர்கள், அவர்களில் பலர் காவல் இல்லத்தில் அடைபட்டிருந்தவர்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்கள் அதன்பிறகு வெளியே விடப்படாமல் உள்ளேயே வைக்கப்பட்டார்கள். சியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகே, 1990இல், கதவு திறந்தது. அதே ஆண்டு மும்பையிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை மீட்டு, ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அந்த ரயிலுக்கு ‘முக்தி எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். வந்திறங்கியவர்களுக்குக் கிடைத்தது ரத்தப் பரிசோதனையும் காவலும். இன்று 2017இன் எச்.ஐ.வி. சட்டம் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது என்கிறது. விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவோ, மீட்கப்பட்டவருக்குப் பால்வினை நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க இன்னும் இடம் வைத்திருக்கிறது. உடல்நல உரிமை பற்றி அறிக்கை எழுதும் தோழர்களுக்கு இதைவிட வலுவான முரண்பாடு வேறு எங்கே கிடைக்கும்?

நடைமுறைக்கு வருவோம். தனிநபர் நேரடியாக முறையிட வழிதரும் சீடா உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. குடிமை உரிமை உடன்படிக்கையின் முதல் நெறிமுறையிலும் சேரவில்லை. அதனால் தனிநபர் முறையீடு அந்தக் குழுக்களிடம் எடுபடாது. மிஞ்சுவது மாற்று அறிக்கையும், சிறப்பு அறிக்கையாளர்களுக்கு அனுப்பும் தகவலும்தான். ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஐ.நா. முறைவைத்து ஆராயும் யு.பி.ஆருக்கு ஒரு அமைப்பு தனியாக அனுப்பினால் 2,815 சொற்கள், கூட்டாக அனுப்பினால் 5,630. உலகத்திலிருந்து வரும் அத்தனையையும் பத்துப் பக்கத்துக்குள் சுருக்கிவிடுவார்கள். அந்தப் பத்துப் பக்கத்தில் ஒரு வரி நிற்க வேண்டுமென்றால், அதில் சட்டப் பிரிவு வேண்டும், இடம் வேண்டும், ஆண்டு வேண்டும், எத்தனை மாதம் அடைத்துவைத்தார்கள் என்ற கணக்கு வேண்டும். பொதுவான இரக்கம் முதல் சுருக்கலிலேயே காணாமல் போய்விடும்.

தன்னிச்சைக் காவல் குறித்த பணிக்குழு என்று ஒன்று இருக்கிறது. எந்த நாடு எந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது என்று அது பார்ப்பதில்லை. உள்நாட்டு வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் வர வேண்டும் என்றும் கேட்பதில்லை. அரசியல் கைதிகளுக்காக அந்தக் கதவை நாம் தட்டியிருக்கிறோம். ஹோமில் ஓராண்டாக வைக்கப்பட்டிருக்கும் ஒரு பெண்ணுக்காக, அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு, அதே படிவத்தை நிரப்ப என்ன தடை? சம்மதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெயர் வெளியே போனால் மகளின் பள்ளிக்கூடம்வரை போகும்.

கடிதம் போட்டு என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் 2013 பிப்ரவரியில் வந்த குற்றவியல் திருத்த அவசரச் சட்டம், கடத்தல் குற்றத்துக்கான ‘சுரண்டல்’ வரையறையில் விபச்சாரத்தையும் சேர்த்திருந்தது. பாலியல் தொழிலாளர் சங்கங்கள், அந்தத் திருத்தங்களுக்குப் பரிந்துரை தந்த நீதிபதி வர்மா குழுவுக்கே எழுதிக் கேட்டன. சுயவிருப்பத்தில் தொழில் செய்பவர்களைத் துன்புறுத்துவது எங்கள் நோக்கமல்ல என்று குழு விளக்கம் கொடுத்தது. நாடாளுமன்றம் இறுதியாக நிறைவேற்றிய சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. 2018இல் ஆட்கடத்தல் மசோதா மக்களவைக்கு வந்தபோது, கடத்தல், நவீன அடிமைமுறை ஆகியவற்றுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் இருவர் சேர்ந்து, மனித உரிமைத் தரத்துக்கு அது பொருந்தவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. ஜெனீவா பேசியதால் மட்டும் நின்றுபோனது என்று நான் சொல்ல மாட்டேன். பேசியது பலம் சேர்த்தது.

கடைசியாக, யார் பேசுவது என்பது. 1927இல் சென்னை மாகாணத் தேவதாசிகள் தங்களைப் பற்றிய சட்ட முயற்சிக்கு எதிராக அரசுக்கு நீண்ட விண்ணப்பம் கொடுத்தார்கள். அவர்களையும் இன்றைய பாலியல் தொழிலாளர்களையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒழிப்புச் சட்டத்தின் தேவையை இங்கே விவாதிக்கவும் வரவில்லை. தங்களைப் பற்றிச் சட்டம் எழுதும்போது எங்களையும் கேளுங்கள் என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் இந்த மண்ணில் புதியதல்ல என்று நினைவூட்டத்தான். 2012இல் வாஷிங்டனில் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு நடந்தபோது, பாலியல் தொழிலாளர்களுக்கு அமெரிக்க விசா சட்டம் தடையாக நின்றது. அவர்களைப் பற்றிப் பேசும் மாநாட்டுக்கு அவர்களால் போக முடியவில்லை. பல நாட்டுத் தொழிலாளர்களும் கொல்கத்தாவில் கூடித் தனி மாநாடு நடத்தினார்கள். அந்நகரின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியின் துர்பார் மகளிர் சங்கம் முன்னின்று நடத்தியது. வாஷிங்டனில் பேசியவர்கள் கொல்கத்தாவின் குரலைக் காணொளி வழியாகக் கேட்க வேண்டியதாயிற்று.

மனித உரிமைக் கவுன்சிலில் பேச ஐ.நா.வின் ஆலோசனைத் தகுதி வேண்டும். வாடகைக் கட்டடத்தில் மாதக் கூட்டம் போடும் ஒரு மாவட்டச் சங்கத்துக்கு அது எட்டாக் கனி. உங்களில் சிலருக்கு அந்தத் தகுதி இருக்கிறது, அல்லது அது உள்ள அமைப்போடு உறவு இருக்கிறது. கிடைக்கிற ஒன்றரை நிமிடத்தை ஒருமுறை சங்கப் பெண் ஒருவருக்குக் கொடுங்கள். தமிழில் பேசட்டும், மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும். முகம் காட்ட விரும்பாவிட்டால் அவர் எழுதியதை நீங்கள் வாசியுங்கள், திருத்தாமல்.

அடுத்த யு.பி.ஆருக்கான வரைவை எழுதத் தொடங்கும்போதே, ஆங்கிலப் பிரதி இறுதியாவதற்கு முன்னால், ஒரு பிரதியைச் சங்கங்களுக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று அவர்களுக்கு வேலை இருக்கும். திங்கள் மதியம் கூடுவார்கள். வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்ட நான் வருகிறேன், பஸ் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். மகஜர் நகல்கள், ஹோம் உத்தரவுகள், ஜாமீன் கேட்க முடியாமல் போன வழக்குகளின் எண்கள் எல்லாம் பெயர் மறைத்துத் தயாராக இருக்கின்றன.

தோழமையுடன்,
ஒரு வழக்கறிஞர்,
திருச்சி